வறட்சியும் பனியும் ஆட்களைத் தொழிலில் இறக்குமா?

ஈரமண் | 1

சில வாரமாக ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியில் நாட்டின் பெயர். இரண்டாவதில் இயற்கை அங்கே எதைக் கொடுக்காமல் விட்டது. மூன்றாவதில் அங்கே எந்தத் தொழில் முளைத்தது. நிரப்ப நிரப்ப ஒன்று கண்ணில் படுகிறது: கொடுக்காமல் விட்டதுதான் பின்னால் தொழிலாகியிருக்கிறது.

இஸ்ரேலில் தண்ணீர் இல்லை, சொட்டுநீர்ப் பாசனம் வந்தது. நெகேவ் பாலையில் உள்ள ஹட்ஸெரிம் கிபுட்ஸில் (கூட்டுக் குடியிருப்பு) 1965இல் தொடங்கிய நெட்டாஃபிம் இன்று உலகெங்கும் குழாய் விற்கிறது. நெதர்லாந்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. தூர்வாரவும் கரை கட்டவும் இன்று பல நாடுகள் அவர்களைத்தான் கூப்பிடுகின்றன. 1973 எண்ணெய் நெருக்கடியில் இறக்குமதியை நம்பியிருந்த டென்மார்க் தவித்தது, காற்றாலைக்காரர்கள் கிளம்பினார்கள். ஐஸ்லாந்தின் ஓரத்தில் இஸாஃபியோர்துர் என்ற சின்ன ஊர். அங்கே காட் மீன் தோலைக் காயத்துக்கு மருந்துப் போர்வையாக்கிய கெரெசிஸ் நிறுவனத்தை 2023இல் 130 கோடி டாலர் வரை விலை பேசி வாங்கினார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நவ்ரு. 21 சதுர கிலோமீட்டர் தீவு, தரைக்கடியில் பாஸ்பேட். 1970களில் தலைக்கு வருமானக் கணக்கில் உலகின் முன்வரிசையில் இருந்தது. வெட்டி விற்றுத் தீர்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி வேறு தொழில் எழவில்லை.

என் கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

பேரேடு | 2

ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது, ஈரமண். தண்ணீர் இல்லாத நாடு என்றால் இஸ்ரேல் ஒன்றுதானா? நைஜரிலும் சாடிலும் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஜெயித்த குதிரையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடினால் ஜெயிக்கலாம் என்கிறீர்கள். ஐஸ்லாந்தை வேறு இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அங்கே மீன் குறைவா? மீன் அள்ள அள்ள வருவதால்தான் தோல் மிஞ்சுகிறது.

அந்தச் சொட்டுநீர்க் கதையையே கிட்டப் போய்ப் பாருங்கள். 1930களில் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர், வரிசையாக நின்ற மரங்களில் ஒன்று மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைப் பார்த்தார். அதன் அடியில் குழாய் கசிந்துகொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கசிவு தொழிலாக 30 ஆண்டு பிடித்தது. ஏன்? குழாயில் ஊசித்துளை போட்டால் மண்ணும் உப்பும் வந்து அடைத்துக்கொள்ளும். துளையைப் பெரிதாக்கினால் சொட்டாது, பீய்ச்சும். பிளாஸ்டிக் மலிந்த பிறகுதான் வழி பிறந்தது. துளையைச் சிறிதாக்குவதை விட்டுவிட்டு, தண்ணீர் போகும் பாதையை நீட்டிச் சுருள் சுருளாகச் சுற்றினார். உள்சுவரில் உராய்ந்தே வேகம் செத்து, வெளியே வரும்போது சொட்டாகிவிடும். பாதை அகலமாக இருப்பதால் அடைப்பும் குறைவு.

இந்த 30 ஆண்டும் வறட்சி அதே வறட்சிதான். மாறியது பிளாஸ்டிக். இன்னொன்று, கிபுட்ஸ் என்பது வரவையும் செலவையும் பொதுவில் வைத்து வாழும் கூட்டம். தொழில் படுத்தால் எந்த ஒரு குடும்பமும் தனியாகத் தெருவுக்கு வராது. உங்கள் மூன்று பத்தியில் இதை எங்கே எழுதுவீர்கள்?

ஈரமண் | 3

ஐஸ்லாந்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். குதிரை உவமை உறைத்தது.

ஆனாலும் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையைப் பாருங்கள். ல ஷோ தெ ஃபோன் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் பனி, வயலில் வேலை கிடையாது. குடியானவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்துக்குச் சக்கரமும் திருகும் செய்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பாகம், அடுத்த வீட்டில் இன்னொன்று, வியாபாரி சுற்றிவந்து வாங்கிச் சேர்த்துக் கோப்பார். 1794இல் ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, மீண்டும் கட்டும்போது தெருக்களை நேர்கோட்டில் போட்டார்கள். எல்லா வீட்டு வேலைமேசைக்கும் வெளிச்சம் விழும்படி ஊர் வளர்ந்தது. பனியும் வெளிச்சமும் ஒரு தொழிலின் வடிவத்தையே தீர்மானித்திருக்கின்றன. இது பொய்யா?

சாளரம் | 4

பொய்யில்லை, பாதிக் கதை. பனி எத்தனையோ மலையில் விழுகிறது, எல்லா இடத்திலும் கடிகாரம் முளைக்கவில்லை. ஜெனீவாவில் 1541 முதல் மதச் சீர்திருத்தவாதி கால்வினின் கெடுபிடி, ஆபரணம் அணியக் கூடாது. பொற்கொல்லர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி ஓடிவந்த ஹுகெனோ என்ற புராட்டஸ்டண்டுகளில் கடிகாரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நகை செய்த கைகள் கடிகாரத்துக்குத் திரும்பின, அந்த வித்தை மெல்ல மலையேறிற்று. பனி நேரத்தைத்தான் கொடுத்தது. வித்தை அகதியாக வந்தது.

காற்றாடி | 5

டென்மார்க் பற்றி ஈரமண் ஒரே வரியில் போய்விட்டார், எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே காற்று, இரண்டு நாடு என்று சோதனை போட்டுப் பார்த்த மாதிரி இருக்கும் கதை அது.

1973க்குப் பிறகு அமெரிக்காவும் காற்றாலையில் இறங்கியது. நாசா மேற்பார்வை, போயிங் போன்ற பெரிய கம்பெனிகள். மாட்-2 என்ற இயந்திரம் 2.5 மெகாவாட், இறக்கை வட்டத்தின் விட்டம் 91 மீட்டர். விமானத்தைக் கட்டுகிறவர்கள் விமானம் போலவே அதையும் எடை குறைத்து, நுணுக்கமாகக் கட்டினார்கள். டென்மார்க்கில் அப்போது இதில் இறங்கியவர்கள் தச்சர்கள், கொல்லர்கள், விவசாயக் கருவி செய்பவர்கள். இன்று காற்றாலைப் பெருநிறுவனமான வெஸ்டாஸின் வேரே 1898இல் லெம் என்ற ஊரில் போட்ட ஒரு கொல்லுப்பட்டறை. அவர்கள் கட்டியது 22 கிலோவாட், 55 கிலோவாட் என்று குட்டி இயந்திரம். கனமாக இருக்கும், ஆனால் நின்று ஓடும். உடைந்தால் எங்கே உடைந்தது என்று பார்த்து அடுத்ததில் அந்த இடத்தைத் தடிப்பாக்குவார்கள்.

முக்கியமான இடம் இனிமேல்தான். 1978இல் காற்றாலை வைத்திருப்பவர்கள் சங்கம் தொடங்கினார்கள். யாருடைய இயந்திரம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தது, எது பழுதானது என்று மாத இதழில் அச்சடித்தே போட்டார்கள். மோசமான இயந்திரம் செய்தவர் ஒளிய இடமில்லை. அதே ஆண்டு ரீஸோவில் அரசின் சோதனை நிலையம் வந்தது. 1979இல் வாங்குபவருக்கு 30 விழுக்காடு மானியம், ஆனால் ரீஸோ ஒப்புதல் பெற்ற இயந்திரத்துக்கு மட்டும். இப்படி வடிகட்டி வந்த இயந்திரங்கள்தான் 1980களின் முற்பாதியில் கலிஃபோர்னியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின. அமெரிக்கக் காற்றில் டென்மார்க்குக் கொல்லர்களின் இயந்திரம் சுற்றியது!

1985 முடிவில் காற்றாலைக்கு அமெரிக்க மத்திய அரசு கொடுத்த வரிச்சலுகை காலாவதியானது. 1986இல் வெஸ்டாஸ் திவால். அடுத்த ஆண்டு காற்றாலைப் பிரிவை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி தொடங்கினார்கள். எங்கோ ஒரு நாட்டின் வரிச்சட்டமும் ஒரு கம்பெனிக்குப் பருவநிலைதான்.

கடைசிபெஞ்சு | 6

அப்படியென்றால் காற்றைவிட மாத இதழுக்குத்தான் வேகம் அதிகம் என்கிறீர்கள். சரி.

வெண்தாழை | 7

நீங்கள் எல்லோரும் மழை, பனி, காற்று என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தொழில் தொடங்குபவருக்குச் சூழல் என்பது முதலில் அலுவலக வாசல்.

பெருவில் பொருளியலாளர் எர்னாந்தோ தெ சோட்டோவின் நிறுவனம் 1983இல் ஒரு சோதனை செய்தது. லிமாவில் இரண்டு தையல் இயந்திரத்தோடு ஒரு சின்னத் துணிப் பட்டறை. சட்டப்படி எல்லா அனுமதியும் வாங்க ஆட்களை அலைய விட்டார்கள். 289 நாள் ஆயிற்று. மொத்தச் செலவு குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல 31 மடங்கு. பத்து இடத்தில் லஞ்சம் கேட்டார்கள். இரண்டு இடத்தில் கொடுக்காமல் நகரவே முடியவில்லை. நியூசிலாந்தில் இன்று இணையத்தில் உட்கார்ந்தபடி ஒரே நாளில் கம்பெனியைப் பதிந்துவிடலாம். இரண்டு ஊரிலும் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெண்களுக்கு வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல். ஸ்பெயினில் 1975 வரை மணமான பெண் வியாபாரம் செய்யக் கணவன் அனுமதி வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2016 வரை தொழிலைப் பதியவே கணவன் சம்மதம் தேவைப்பட்டது. அந்த நாட்டில் ஆறு பெரிது, காடு பெரிது, சுரங்கம் பெரிது. ஈரமண்ணின் அட்டவணையில் அது எந்த வரிசையில் வரும்?

பேரேடு | 8

வெண்தாழை அம்மா சொல்வது சரி, ஆனால் வாசலை அளக்கும் தரவரிசைகளை நம்பி இறங்க வேண்டாம். உலக வங்கி ஆண்டுதோறும் எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்று வரிசை போட்டுவந்தது. சீனா, சவூதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் கணக்கில் முறைகேடு தெரிந்து, 2021 செப்டம்பரில் அதை நிறுத்தியே விட்டார்கள். படிவத்தைக் குறைத்து வரிசையில் மேலே ஏறுவது எளிது. பட்டறைக்கு மின்சாரம் வருவது வேறு கதை.

எண்ணிக்கையும் ஏமாற்றும். 1999 முதல் பல நாடுகளில் தொழில்முனைவை அளந்துவரும் ஜெம் ஆய்வில், புதிதாகத் தொழில் தொடங்கியவர்களின் பங்கு பல ஏழை நாடுகளில் பணக்கார நாடுகளைவிட அதிகம். வேலை கிடைக்காதவர் எதையாவது விற்கத்தான் வேண்டும். அவரையும் வெஸ்டாஸையும் ஒரே சொல்லால் அழைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல்.

தகரக்கூரை | 9

நான் சூரியமின் துறையில் இருப்பவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கென்யாவில் எம்-கோப்பா என்ற நிறுவனம் 2012இல் வியாபாரத்துக்கு வந்தது. கூரையில் ஒரு தகடு, வீட்டுக்குள் ஒரு பெட்டி, இரண்டு மூன்று விளக்கு. பெட்டிக்குள் ஒரு சிம் அட்டை. வாங்குபவர் முன்பணம் கொஞ்சம் கட்டிவிட்டு, தினமும் சிறு தொகையைக் கைப்பேசியில் அனுப்புவார். பணம் வந்தால் பெட்டி திறக்கும், வராவிட்டால் தூரத்திலிருந்தே பூட்டிவிடுவார்கள். நிலநடுக்கோட்டருகே ஆண்டு முழுக்க வெயில், அதனால் சூரியமின் தொழில் என்று எழுதுகிறார்கள். வெயில் சாடில் இன்னும் அதிகம். கென்யாவில் 2007இலேயே எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வந்து, சந்தைக்காரர் முதல் வண்டிக்காரர் வரை கைப்பேசியில் பணம் அனுப்பப் பழகியிருந்தார்கள். அந்தத் தண்டவாளம் இல்லாவிட்டால் தினத்தவணை வசூலிக்கும் செலவே பெட்டி விலையைத் தாண்டியிருக்கும்.

பங்களாதேஷ் கதை வேறு மாதிரி. 2003இல் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் தவணையில் விற்கும், இட்கால் பின்னாலிருந்து அவர்களுக்குக் கடன் கொடுக்கும். 40 லட்சத்துக்கும் மேல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகமே வந்து பார்த்தது. அப்புறம் என்ன ஆயிற்று? அரசு மின்கம்பி நினைத்ததைவிட வேகமாக ஊருக்குள் வந்தது. சில திட்டங்களில் தகட்டை இலவசமாகவும் கொடுத்தார்கள். தவணை கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார், புதிதாக வாங்குபவர் இல்லை. 2022இல் நாடு முழுக்க மின்சாரம் என்று அறிவித்தார்கள். மக்களுக்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஒரு குறையை நம்பிக் கட்டிய தொழிலுக்கு, அந்தக் குறை தீரும் நாள்தான் கடைசி நாள். ஈரமண், இதையும் கவனியுங்கள்.

ஈரமண் | 10

கவனித்தேன். அதற்குச் சிங்கப்பூரில் ஒரு ஜோடி கிடைக்கிறது. அங்கே குறை தீரவில்லை, ஆனால் தண்ணீரை வாங்குபவர் அரசு ஒருவர்தான். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை மலேசியாவிலிருந்து தண்ணீர். அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று கழிவுநீரைச் சுத்திகரித்தார்கள், கடல்நீரைக் குடிநீராக்கினார்கள். 1989இல் ஒலிவியா லம் தொடங்கிய நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் ஹைஃப்லக்ஸ் இந்த அலையில் வளர்ந்தது. 2013இல் துவாஸ்ப்ரிங் ஆலை, கடல்நீர் சுத்திகரிப்போடு சொந்த மின்நிலையமும். மிச்ச மின்சாரத்தை விற்று லாபம் பார்ப்பது திட்டம். சந்தையில் மின்விலை சரிந்தது. 2018இல் கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. சிறு முதலீட்டாளர்கள் மட்டும் சுமார் 34,000 பேர் மாட்டிக்கொண்டார்கள்.

தண்ணீர்த் தட்டுப்பாடு அப்படியேதான் இருந்தது. ஆக, என் இரண்டாவது பத்தி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காவது பத்திக்குத் தலைப்புத்தான் கிடைக்கவில்லை.

பாய்மரம் | 11

தலைப்பு தருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் கடல் பயணம்.

தூரத்தை யாரும் இயற்கைச் சூழலில் சேர்ப்பதில்லை. நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 19ஆம் நூற்றாண்டில் பெரிய இடையூறு அதுதான். ஆடு மலிந்து கிடக்கிறது, கம்பளி கப்பலேறுகிறது, இறைச்சியை வாங்க ஆளில்லை. கொழுப்புக்காக உருக்கினார்கள். சாப்பிட ஆள் இருப்பது லண்டனில், பாய்க்கப்பலில் மூன்று மாதம், நடுவில் வெப்பமண்டலம்.

முதலில் இறங்கியவர் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிசன். 1850களிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரம் கட்டியவர். 1873இல் நார்ஃபோக் என்ற கப்பலில் 20 டன் இறைச்சியை லண்டனுக்கு ஏற்றினார். கப்பலில் இயந்திரம் வைக்கவில்லை, பனிக்கட்டியை நம்பினார். வழியில் குளிர் தீர்ந்தது, இறைச்சி கெட்டது, அதோடு அவர் கைமுதலும் போயிற்று. இத்தனைக்கும் உலகிலேயே குளிர்பதனம் நன்றாகத் தெரிந்த சிலரில் அவர் ஒருவர்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து டனீடன் கிளம்பியது. பாய்மரக் கப்பல்தான், ஆனால் உள்ளே நீராவியில் ஓடும் பெல்-கோல்மன் குளிர்பதன இயந்திரம். ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்கள். இயந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து பறந்த பொறி பாயைப் பற்றவைத்தது. வெப்பமண்டலத்தில் காற்று செத்துக் கப்பல் தள்ளாடியது. கிடங்கில் ஒரு பக்கம் குளிர், இன்னொரு பக்கம் குளிர் எட்டவில்லை. தலைமை மாலுமி விட்சன் தானே குளிர்காற்றுக் குழாய்க்குள் ரம்பத்தோடு தவழ்ந்து போய்க் கூடுதல் துளை போட்டார். விறைத்து மயங்கிவிட்டார். பின்னாலேயே ஊர்ந்து போன துணை மாலுமி அவர் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார். 98 நாள் கழித்து லண்டனில் இறக்கியபோது, கெட்டுப்போனது என்று ஒதுக்கியது ஒரே ஒரு உடல்.

ஹாரிசனுக்கும் டனீடனுக்கும் நடுவில் கடல் மாறவில்லை. இயந்திரம் தேறியிருந்தது, அது ஒன்று. ஆனால் இரண்டாவது பயணத்தின் பின்னால் இருந்தது ஸ்காட்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய நிலக் கம்பெனி, லட்சக்கணக்கான ஏக்கர், கம்பளி வருமானம். 5,000 ஆடும் அழுகியிருந்தாலும் அது நின்றிருக்கும். ஹாரிசனுக்குக் கெட்டது 20 டன். அதிலேயே அவர் கதை முடிந்தது.

உங்கள் நான்காவது பத்தியின் தலைப்பு: நட்டம் யார் தலையில்?

சாளரம் | 12

இந்தத் தலைப்பில் நெதர்லாந்தை நிரப்பிவிடலாம். பெம்ஸ்டர் ஏரியை 1607இல் வற்றவைக்கத் தொடங்கினார்கள். 123 பேர் பங்கு போட்டார்கள். 1610இல் புயல் வந்து கரை உடைந்து தண்ணீர் மறுபடி உள்ளே. ஒரே ஆளின் பணமாக இருந்திருந்தால் அத்தோடு சரி. மறுபடி கட்டினார்கள், 43 காற்றாலை வைத்து இறைத்து 1612இல் முடித்தார்கள். அதில் பணம் போட்ட முன்னணி ஆட்களில் ஒருவர் டிர்க் வான் ஓஸ். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளுக்குப் பொதுமக்களிடம் பெயர் எழுதி வாங்கியதே ஆம்ஸ்டர்டாமில் அவர் வீட்டில்தான். ஏரியையும் கப்பலையும் ஒரே மாதிரிப் பார்த்த ஆள். மூழ்கினால் எத்தனை பேர் பங்கில் மூழ்குகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

பேரேடு | 13

டனீடன் 1890இல் தென்கடலில் காணாமலே போயிற்று என்பதையும் போட்டுவையுங்கள். அதற்குள் தொழில் ஒரு கப்பலை நம்பி இருக்கவில்லை.

நான்காவது பத்தியில் எனக்கு ஒரு ஐயம். சிங்கப்பூரில் நட்டத்தை 34,000 பேர் பகிர்ந்தார்கள், கம்பெனி தப்பவில்லையே. பகிர்ந்தால் மட்டும் போதுமா, பகிர்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா? டென்மார்க்கில் பழுதுப் பட்டியல் அச்சாகி எல்லோர் கையிலும் இருந்தது.

ஈரமண் | 14

அதை ஐந்தாவது பத்தி ஆக்க வேண்டியதுதான். அட்டவணை இனிமேல் தாளில் அடங்காது போலிருக்கிறது.

இருந்தவரை நிரப்பிவிட்டேன். இஸ்ரேல்: கிபுட்ஸ் தலையில். டென்மார்க்: பாதி அரசு, பாதி பக்கத்து வீட்டுக்காரர்கள். பங்களாதேஷ்: தொண்டு நிறுவனங்களும் இட்காலும். லிமா தையல் பட்டறை: முழுக்க அவர்கள் தலையில், அதுவும் தொடங்குவதற்கு முன்பே. ஜூரா மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே கூட்டு இல்லை, பங்கு இல்லை, மானியம் இல்லை. கடிகாரம் விற்காவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்தது?

சாளரம் | 15

மாடு கறந்தது. அவர்கள் முதலில் குடியானவர்கள். ஆர்டர் வராத குளிர்காலத்திலும் கொட்டிலும் நிலமும் அப்படியே இருந்தன. நட்டம் என்றால் சன்னலோரத்தில் போன சில மாத உழைப்பு, அவ்வளவுதான். பிறகு அதே ஊர்கள் முழுநேரக் கடிகார நகரங்களாயின, கொட்டில் பட்டறையாயிற்று. 1970களில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தபோது சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் ஏறத்தாழ 30,000 பேர். அதற்கு முந்தைய குளிர்காலங்களுக்கு ஒரு வரி, இதற்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்.